கரி பஸ்ஸும் உசிலங்கரடும்

என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையே பஸ் ஓட்டிக்கொண்டு வந்தார். சொன்னால் சிரிப்பார்கள். நடந்தது அதுதான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பாதி வண்டிகள் கொட்டகையில் தூங்கின. மீதி வண்டிகள் கரியில் ஓடின. பஸ்ஸின் பின்பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையைக் கட்டியிருப்பார்கள். அதற்குள் மரக்கரியைக் கொட்டித் தீ வைத்து, பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊத வேண்டும். கரி நன்றாகக் கனிந்து, அதிலிருந்து வரும் வாயு இன்ஜினுக்குப் போனால்தான் வண்டி அசையும். சமதரையில் ஓடிவிடும். மேடு வந்தால் மூச்சு வாங்கும். எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

என் அப்பா வீடு பாலக்கோட்டுக்குப் பக்கத்தில். தர்மபுரிக்கும் பென்னாகரத்துக்கும் நடுவில் ஒரு ஊரில் என்னைக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை அந்தச் சாலையில் பஸ் டிரைவர். முதலாளி தர்மபுரிக்காரர். நல்ல மனிதர். கல்யாணத்துக்காக ஒருநாள் வண்டியைக் கொடுத்திருந்தார். வேறு டிரைவர் அமையாததால் பட்டு வேட்டியும் மாலையுமாக மாப்பிள்ளையே ஸ்டியரிங்கைப் பிடித்தார். தாலி கட்டி முடிந்து அவர் ஊருக்குக் கிளம்பியபோது நான் முன் சீட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

பென்னாகரம் சாலையில் முதல் மேட்டிலேயே வண்டி நின்றுவிட்டது. ஆம்பிளைகள் எல்லாரும் இறங்கினார்கள். "பொண்ணு எறங்க வேணாம்" என்று யாரோ சொன்னார்கள். அப்போது என் நாத்தனார், மாப்பிள்ளையின் அக்கா, என் கையைப் பிடித்தாள்.

"எறங்கு புள்ள. நம்ம ரெண்டு பேரு பாரம் கொறஞ்சா அதுவும் கொஞ்சம் சந்தோசமா ஏறும்" என்றாள்.

கல்யாணப் புடவையோடு அந்த மேட்டை நான் நடந்து ஏறினேன். முன்னால் புகையைக் கக்கிக்கொண்டு பஸ் ஊர்ந்தது. மாப்பிள்ளை ஜன்னல் வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மேட்டின் உச்சியில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தபோது அவர் முகத்தில் கரியும் சந்தனமும் கலந்து வழிந்திருந்தது. அதுவரை அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. அப்போதுதான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அவர், நான், நாத்தனார். அவளை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணமாகி இரண்டு வருஷத்துக்குள் புருஷனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்துவிட்டவள். ஆடுகள் வளர்த்தாள். யாருக்கும் பயப்பட மாட்டாள். போன முதல் நாள் அவள் எனக்குக் களி போட்டாள். போதும் போதும் என்பதற்கு எங்கள் வீட்டு வழக்கப்படி, "சாகு, சாகு" என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசுவோம். அண்ணி கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"அய்யய்யோ! வந்த அன்னிக்கே என்னச் சாவுன்னு சொல்றாளே!"

அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அர்த்தம் சொன்னார். அதற்குப் பிறகு அண்ணி எனக்குச் சோறு போடும்போதெல்லாம், "நான் சாவட்டுமா, இன்னும் போடட்டுமா?" என்றுதான் கேட்பாள்.

எங்கள் ஊருக்குப் பின்னால் ஒரு கரடு. பெரிய மலையெல்லாம் இல்லை. பாறையும் புதரும் மரமுமாக ஒரு சின்னக் குன்று. அதில் பெரும்பாலும் உசிலை மரங்கள். அந்த மரத்தின் இலையைக் காயவைத்து இடித்தால் அரப்பு. நாள் முழுக்கக் கரியில் கிடந்து வரும் என் வீட்டுக்காரரின் தலைக்கு அந்த அரப்புதான் பதில் சொல்லும். ஆடு மாட்டுக்குத் தழை, அடுப்புக்கு விறகு, ஏருக்குக் கட்டை எல்லாம் கரட்டிலிருந்துதான் வரும். கரட்டின் அடியில் பாறை இடுக்கில் ஒரு சுனை இருந்தது. கோடையில் ஊர்க் கிணறு வற்றினாலும் அதில் நீர் கசிந்துகொண்டே இருக்கும். நாங்கள் பெண்கள் குடத்தோடு அங்கே போய் நிற்போம். கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு நிரப்ப வேண்டும். ஒரு குடம் நிரம்புவதற்குள் ஊர்க் கதையெல்லாம் பேசி முடித்துவிடலாம்.

உசிலங்கரி நன்றாக நின்று எரியும் என்று பேர். அதனால் பஸ்ஸுக்குக் கரி எங்கள் கரட்டிலிருந்தே போயிற்று. தர்மபுரியிலிருந்து ஒரு காண்ட்ராக்டர் மரம் வெட்ட உத்தரவு வாங்கியிருந்தார். கரி சுட அரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்து, கரட்டடியில் குடிசை போட்டிருந்தார்கள். வெட்டிய மரத்தை அடுக்கி, மேலே தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வைத்துவிடுவார்கள். மூட்டம் போடுவது என்பார்கள். நாள்கணக்கில் அது உள்ளுக்குள்ளேயே வேகும். எங்காவது மண் விரிந்து காற்று உள்ளே போனால் எல்லாம் எரிந்து சாம்பலாகிவிடும். அதனால் இரண்டு பேரில் ஒருவர் எப்போதும் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். சுனையில் பழக்கமானவள். அதிகம் பேச மாட்டாள். என் குடம் நிரம்பியதும் கேட்காமலேயே தூக்கி என் இடுப்பில் வைப்பாள். அவள் கைரேகைகள் குடத்தில் கறுப்பாகப் பதிந்திருக்கும். எங்கள் ஊர்தான் பஸ்ஸுக்குக் கரி நிரப்பும் இடம். பஸ் வந்து நின்றதும் சாம்பலைத் தட்டி, புதுக்கரி போட்டு, மறுபடி ஊதிக் கிளப்ப நேரம் ஆகும். பிரயாணிகள் இறங்கி நிற்பார்கள். சிலர் சுனைக்குப் போய்த் தண்ணீர் குடிப்பார்கள். என் வீட்டுக்காரருக்கு அந்த இடைவெளியில் நான் கம்பங்கூழ் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அடுத்த வருஷம் நான் பிள்ளையாண்டிருந்தேன்.

அம்மா வீட்டுக்குப் போவதற்கு நல்ல நாள் பார்த்து வைத்திருந்தார்கள். அதற்கு முன்பே ஒருநாள் விடிந்ததும் வலி வந்துவிட்டது. ஊரில் பேறு பார்க்கும் அம்மாள் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு அண்ணியை வெளியே கூப்பிட்டாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொன்னது எனக்குச் சுவர் வழியாகக் கேட்டது.

அவர் பென்னாகரத்திலிருந்து முதல் நடை ஓட்டி வந்துகொண்டிருந்தார். இரவு அங்கேதான் வண்டி நிற்கும். கரட்டடியில் பஸ் வந்து நின்றபோது அண்ணியும் இன்னும் நான்கைந்து பெண்களும் என்னைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் நின்றார்கள். அவர் இறங்கி ஓடிவந்தார். கட்டிலருகே வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். "ஏத்துடா, நின்னுகினு பாக்கற!" என்று அண்ணி போட்ட சத்தத்தில்தான் அசைந்தார்.

பின் சீட்டில் என்னைப் படுக்க வைத்தார்கள். வண்டி கிளம்பவில்லை. அதற்கு முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. பஸ் நிற்கும் இடத்துக் கொட்டகையில் வைத்திருந்த கரி மூட்டைகள் எல்லாம் ஈரம். கைப்பிடியை மாற்றி மாற்றிச் சுற்றினார்கள். வெள்ளைப் புகைதான் வந்தது. வாயு வரவில்லை. காய்ந்த கரி ஒரு கூடைகூட இல்லை.

அந்தக் கரிக்காரப் பெண் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தவள், மூட்டத்தை நோக்கி ஓடினாள். அவர்கள் அப்போது போட்டிருந்த மூட்டம் வெந்து முடிந்து ஆறிக்கொண்டிருந்தது. ஆறாமல் பிரித்தால் உள்ளே இருக்கிற கரி காற்றுப் பட்டதும் தீப்பிடித்துக்கொள்ளும், மூட்டமே போய்விடும். அது அவர்களுடைய பல நாள் பாடு.

அவள் புருஷன், "என்னா பண்ற? இன்னும் ஆறல!" என்று கத்தினது எங்களுக்குக் கேட்டது.

"அந்தப் பொண்ணு படுத்திருக்கறத நீ வந்து பாரு. அப்பறம் பேசு" என்றாள் அவள்.

அவனும் மண்வெட்டியை எடுத்தான். இருவருமாக மண்ணை ஒரு பக்கம் வாரித் தள்ளி, கொக்கியால் கரியை இழுத்து வெளியே போட்டு, மணலைத் தூவித் தூவித் தீயை அணைத்தார்கள். அவள் இரண்டு கூடை கரியைச் சூட்டோடு தலையில் மாற்றி மாற்றிச் சுமந்து வந்தாள். அந்தக் கரி போட்டதும் வண்டி உயிர் பெற்றது. மேட்டில் எல்லாப் பிரயாணிகளும் இறங்கினார்கள். சந்தைக்கு மூட்டையோடு போனவர்கள் மூட்டையை ஓரமாக வைத்துவிட்டுத் தள்ளினார்கள். நான் மட்டும் உள்ளே படுத்திருந்தேன். எத்தனை கைகள் அந்த வண்டியின் தகரத்தில் படபடவென்று பட்டன என்று எனக்குத் தெரியாது. சத்தம் மட்டும் இன்னும் நினைவிருக்கிறது.

பின்னால் திரும்பிப் பார்த்த அண்ணி சொன்னாள், மூட்டம் முழுக்கத் தீப்பிடித்து எரிந்ததாம். அவர்கள் இருவரும் அதை அணைக்கக்கூடப் போகாமல் வண்டி மேடேறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரியில் எனக்குப் பெண் பிறந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தோம். நர்ஸ் அம்மாள், "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா ரெண்டு உசிருக்கும் சொல்ல முடியாது" என்று அவரிடம் சொன்னாராம். அவர் வெளியே போய்ப் பஸ்ஸின் மட்கார்டில் உட்கார்ந்து அழுததை அண்ணி பார்த்திருக்கிறாள். எனக்கு அவள் அதைச் சொன்னது பல வருஷங்களுக்குப் பிறகு.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். குழந்தைக்குக் கழுத்து நின்ற பிறகுதான் திரும்பி ஊருக்கு வந்தேன். வந்த அன்றே குழந்தையை எடுத்துக்கொண்டு கரட்டடிக்குப் போனேன், கரிக்காரப் பெண்ணிடம் காட்டுவதற்கு. அவள் கையைத் தன் புடவையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். கறுப்புப் போகவில்லை. "தூக்கு, பரவால்ல" என்றேன். அவள் தூக்கினாள். குழந்தையின் வெள்ளைத் துணியில் அவள் விரல்கள் பதிந்தன. அதை நான் வெகு நாள் துவைக்காமல் வைத்திருந்தேன்.

அங்கே நின்றபடி நிமிர்ந்து பார்த்தேன். கரடு எனக்கு அடையாளம் தெரியவில்லை.

நான் போகும்போது கீழ்ச் சரிவில்தான் வெட்டியிருந்தார்கள். வெட்டிய இடத்தில் அடிக்கட்டைகள் நிற்கும், மழைக்குத் துளிர்க்கும். உசிலை அப்படிப்பட்ட மரம். வெட்ட வெட்டத் துளிர்க்கும், அடியை விட்டுவைத்தால். இப்போது பாதி உயரம் வரைக்கும் மொட்டையாக இருந்தது. அடிக்கட்டைகளும் இல்லை. குழிகள்தான் இருந்தன. வெட்ட மரம் குறைந்ததும் காண்ட்ராக்டர் கடப்பாரை கொடுத்துத் தூரையே பறிக்கச் சொல்லிவிட்டார். வேர்க்கட்டைக் கரி கனமாக இருக்கும், நின்று எரியும். பெய்த மழையில் குழிகளின் மண் கரைந்து சுனைக்குள் இறங்கியிருந்தது. சுனையில் செம்மண் சேறு. பெண்கள் அதைத் தோண்டித் தோண்டி நீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று அவர் லீவு. சாயங்காலம் வீட்டில் சண்டை வந்தது.

"உன் பஸ்ஸு நம்ம கரட்டத் தின்னுது" என்றாள் அண்ணி தம்பியைப் பார்த்து. "எலையத் தின்னுச்சி, கெளயத் தின்னுச்சி, இப்ப வேரையும் தின்னுது. என் ஆடுகூட அப்படித் தின்னாது."

"பஸ் ஓடலன்னா?" என்றார் அவர். "இந்தப் புள்ள இன்னிக்கி உன் மடியில இருக்குமாக்கா?"

அண்ணி குனிந்து பார்த்தாள். குழந்தை அவள் மடியில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஓட்ட வேணாம்னு நான் சொல்லலடா" என்றாள் பிறகு, குரல் இறங்கி. "இப்படியே ஓட்டுனா அடுத்த வருசம் எதுல ஓட்டுவ? இன்னொருத்தி இப்படிக் கட்டில்ல வந்து படுத்தா எந்தக் கரியப் போடுவ?"

அவர் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். பொழுது சாய்வதற்குள் கரட்டின்மேல் அவர் வேட்டி தெரிந்தது. குழி குழியாகப் பார்த்துக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தார். கரிக்காரனும் அவரோடு நடந்தான்.

மறுநாள் அண்ணி கரிக்காரர்களிடம் சண்டைக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். நான் அவள் முன்னால் போய் நின்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை நான் எதிர்த்துப் பேசியதில்லை.

"அண்ணி, அவங்களத் திட்டாதீங்க. அவங்க மூட்டத்தப் பிரிச்சிக் குடுத்ததுலதான் நானு நிக்கறேன்."

"திட்டல. கேக்கத்தான் போறேன். நீயும் வா."

போனோம். அந்தப் பெண் மூட்டத்துக்கு மண் போட்டுக்கொண்டிருந்தாள். தூரை ஏன் பறிக்கிறீர்கள் என்று அண்ணி கேட்டதும் அந்தப் பெண்ணின் புருஷன் தலையைக் குனிந்துகொண்டான். அவள்தான் பேசினாள்.

"பறிக்கச் சொன்னாரு, பறிக்கறோங்க. எங்களுக்கு மட்டும் ஆசையாங்க? தூரு போனா நாங்களும் வேற காடு தேடித்தான் போவணும். எத்தினி எடம்னு குடிசையப் பிரிச்சிக் கட்டறது? இந்த ஊருலதான் என்ன ஒருத்தி தண்ணிக்கொடத்துல கைவெக்க உட்டா."

அவள் என்னைத்தான் சொன்னாள் என்று எனக்குப் புரியச் சற்று நேரமானது. அண்ணிக்கு முன்பே புரிந்துவிட்டது. அவள் கீழே கிடந்த மண்வெட்டியை எடுத்து மூட்டத்துக்கு நாலு வெட்டு மண் அள்ளிப் போட்டுவிட்டு வந்தாள்.

ஊர் கூடியது பஸ் நிற்கும் இடத்தில்தான். வண்டி வந்து கரி நிரப்புகிற நேரம். பஸ் முதலாளியும் அன்று வண்டியிலேயே வந்திருந்தார். என் வீட்டுக்காரர் முன்கூட்டியே போய்ச் சொல்லி அழைத்து வந்திருந்தார். காண்ட்ராக்டருக்கும் ஆள் அனுப்பியிருந்தார்கள். ஊர் மணியக்காரர், குடியானவர்கள், சுனைக்கு வந்த பெண்கள், பஸ்ஸில் வந்த பிரயாணிகள் எல்லாரும் நின்றார்கள். நான் குழந்தையோடு கொஞ்சம் தள்ளி நின்றேன்.

மணியக்காரர் முதலில் காண்ட்ராக்டரைப் பார்த்தார். "மரம் வெட்டத்தான் உத்தரவு. தூரு பறிக்க யாரு சொன்னது?"

"கரி வேணுமா வேணாமாங்க?" என்றார் காண்ட்ராக்டர். "ரெண்டு நடை பஸ்ஸு ஓடுது. வெட்டற மரத்துல அவ்ளோ கரி தேறல. நான் எங்க போறது?"

அதில் தப்பில்லை. அவரைத் திட்ட வந்தவர்கள்கூடத் தலையாட்டினார்கள். அப்போது என் வீட்டுக்காரர் பேசினார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். கையிலிருந்த கரித்துணியை முறுக்கிக்கொண்டே பேசினார்.

"கரட்டுமேல ஏறிப் பாத்தேங்க. கரட்ட நாலு பங்கா பிரிச்சி, வருசத்துக்கு ஒரு பங்குதான் வெட்டணும். ஒரு சாண் அடி உட்டு வெட்டணும். தூரத் தொடக் கூடாது. நாலாவது பங்கு வெட்டி முடிக்கறப்ப மொதப் பங்கு மறுபடி வெட்டறாப்புல வந்திருக்கும். அப்பிடின்னா கரடும் இருக்கும், பஸ்ஸும் இருக்கும். ஆனா அந்தக் கரிக்கு ரெண்டு நடை ஓட்ட முடியாதுங்க. ஒரு நடைதான்."

முதலாளியின் முகம் மாறியது. "ஒரு நடையா? ஏம்ப்பா, ஓட்டறவனே ஓட்ட வேணாங்கற?"

"எனக்கும் கூலி கொறையும்ங்க. தெரிஞ்சிதான் சொல்றேன்."

பஸ்ஸில் வந்து இறங்கியிருந்த ஒரு புளிக்காரி, தர்மபுரிக்குப் புளிக்கூடை கொண்டுபோகிறவள், முன்னே வந்தாள்.

"ஏஞ் சாமி, இந்த ரோட்டுல பஸ்ஸு வர்றதுக்கு மின்ன நாங்க நடக்கலியா? ஒரு நடை போதும். சந்தை நாளைக்கி மட்டும் ரெண்டு நடை உடுங்க. மிச்ச நாளு காலு இருக்குது."

"காலுக்குக் கரி போட வேணாம்" என்றார் ஒரு கிழவர். எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்துவிட்டார். தேங்காய் சிரட்டைக் கரி கொஞ்சம் கலந்து பார்க்கலாம் என்று அவரே சொன்னார். காவிரிப் பக்கம் தோப்புக்காரர்களிடம் சிரட்டை கேட்டு வாங்குகிறேன் என்றார். காண்ட்ராக்டர் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். கடப்பாரைகளை அன்றே வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

இவ்வளவோடு முடியவில்லை. வெட்டிய பங்கில் துளிர் வரும்போது ஆடு புகுந்தால் எல்லாம் வீண். அந்தப் பங்குக்குள் எந்த வீட்டு ஆடும் போகக் கூடாது என்று மணியக்காரர் சொன்னார். சொல்லிவிட்டு அண்ணியைப் பார்த்தார். ஊரில் ஆடு அதிகம் வைத்திருந்தவள் அவள்தான்.

அண்ணிக்கு அது வலித்தது. வீட்டுக்கு வந்து, "கரட்டக் காப்பாத்துன்னு கத்துனவ நானு. இப்ப என் ஆட்டத்தான் மொதல்ல கட்டுறாங்க" என்றாள். பிறகு, "கட்டத்தான் வேணும்" என்றும் அவளே சொன்னாள். ஆடுகளில் பாதியை விற்றுவிட்டாள். மீதியைக் கொட்டிலில் கட்டி, ஏரிக்கரை வேலங்காயும் அகத்தித்தழையும் பறித்து வந்து போட்டாள். நானும் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு கூடப் போவேன். ஒருநாள் ஒரு வெள்ளாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வெட்டுப் பங்குக்குள் போய்விட்டது. வேறு யாரும் பார்க்கவில்லை. அண்ணி அதைப் பிடித்து வந்து, நேரே மணியக்காரர் வீட்டு வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், "என் ஆடு உள்ள பூந்துடுச்சி. அஞ்சாறு துளிரக் கடிச்சிடுச்சி. என்னா பண்ணணுமோ பண்ணுங்க" என்று நின்றாள். அவர் என்ன செய்வார்? மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. சாண் உயரத்துக்கு விட்டுவைத்த அடிக்கட்டை ஒவ்வொன்றிலும் கொத்துக்கொத்தாகத் துளிர் கிளம்பியது. எல்லாம் வளர்ந்தால் எதுவும் பெருக்காது என்று, பலமான ஒன்றிரண்டை விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டியிருந்தது. கிள்ளிய துளிரைப் பெண்கள் மடியில் வாரிக்கொண்டு வந்தோம். ஆட்டுக்கும் ஆயிற்று, அரப்புக்கும் ஆயிற்று. பறித்த குழிகளில் மட்டும் ஒன்றும் வரவில்லை. அங்கே விதை தூவிப் பார்த்தார்கள். சிலது வந்தது, பலது வரவில்லை. அந்தச் சரிவு இன்றும் அடர்த்தியாக இல்லை. சுனைச் சேற்றை எல்லாருமாகச் சேர்ந்து அள்ளினோம். அள்ளிய மண்ணைக் கூடை கூடையாகக் கொண்டுபோய்க் குழிகளிலேயே திரும்பக் கொட்டினோம். அடுத்த கோடையில் நீர் தெளிந்து கசிந்தது, பழைய அளவுக்கு இல்லாவிட்டாலும்.

பஸ் ஒரு நடையே ஓடியது. அதில் எனக்கு ஒரு லாபம். அவர் மத்தியானம் சில நாள் வீட்டில் இருந்தார். குழந்தை அவரைக் கண்டு பயந்து அழுவது நின்று, அவர் கன்னத்துக் கரியைத் தன் விரலால் தொட்டுத் தன் கன்னத்தில் பூசிக்கொள்ளத் தொடங்கியது அந்த நாட்களில்தான். கூலி குறைந்ததை வீட்டில் உணர்ந்தோம். களி மெலிந்து கூழாயிற்று. அதற்காக யாரும் முகம் சுளித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கரிக்காரர்கள் போகவில்லை. பங்கு வெட்டு இருந்ததால் ஒவ்வொரு வருஷமும் அவர்களுக்கு வேலை இருந்தது. குடிசையைப் பிரிக்காமல் மண்சுவர் வைத்துக் கட்டினார்கள். அந்தப் பெண்ணுக்கும் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டு முறையும் நான் பக்கத்தில் இருந்தேன்.

யுத்தம் முடிந்தது. மெதுவாகப் பெட்ரோல் வந்தது. ஒருநாள் அவர் பஸ்ஸை ஓட்டி வந்தபோது பின்பக்கத்து உருளை இல்லை. சத்தமே இல்லாமல் மேடேறி வந்தது. யாரும் இறங்கவில்லை. கரி வேண்டாம் என்று ஆனபிறகு காண்ட்ராக்டரும் வரவில்லை. இனிப் பங்கு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். ஊர் விறகும் தழையும் அதே பங்கு முறையில்தான் வெட்டுவோம் என்று மணியக்காரர் சொல்லிவிட்டார். யாரும் மறுக்கவில்லை. பழகிவிட்டிருந்தது. கரிக்காரர்கள் அதற்குப் பிறகு ஊர்க் கொல்லனுக்கும் டீக்கடைகளுக்கும் கரி சுட்டார்கள்.

சுதந்திரம் வந்த சமயத்தில் மழை சரியாகப் பெய்யாத வருஷங்கள் வந்தன. சோளம் கருகியது. சாமை முளைக்கவே இல்லை. சுற்று வட்டாரத்தில் மாடுகளை வந்த விலைக்கு ஓட்டிவிட்டார்கள். எங்கள் ஊரில் விற்கவில்லை. கரட்டில் தழை இருந்தது. உசிலை அந்தக் காய்ச்சலிலும் பச்சையாக நின்றது. அளந்து அளந்து ஒடித்துப் போட்டோம்.

அந்தக் கோடையில் ஒரு காலை, பக்கத்து ஊர்க்காரர்கள் பத்துப் பேர் மணியக்காரர் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றார்கள். அவர்கள் கரடு யுத்தத்தில் வேரோடு போய்விட்டிருந்தது. தழை கேட்கத்தான் வந்தார்கள். வாய்விட்டுக் கேட்கக் கூசிக்கொண்டு நின்றார்கள். நான் அங்கே மோர் கொடுக்கப் போயிருந்தேன். எங்கள் ஊர்க்காரர்கள் சிலர், நமக்கே காணாது என்று முணுமுணுத்தார்கள்.

அண்ணிதான் குறுக்கே வந்தாள். "அடுத்த வருசத்துப் பங்கு இருக்குதே, அதுல கெளய மட்டும் கழிச்சி எடுத்துக்கட்டும். அடியத் தொடாம. நாங்க கூட வந்து காட்டறோம்" என்றாள்.

மணியக்காரர் கொஞ்சம் யோசித்தார். சரி என்றார்.

மறுநாள் காலையில் அவர்கள் கத்தியும் கயிறுமாக வந்தார்கள். அண்ணியும் கரிக்காரப் பெண்ணும் முன்னால் நடந்தார்கள். நானும் போனேன். எந்தக் கிளையைக் கழிக்கலாம், எதை விட வேண்டும் என்று அவர்கள் இருவரும் கைகாட்டிக்கொண்டே போக, பக்கத்து ஊர்ப் பெண்கள் தழைக்கட்டுகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரிசையாகக் கீழே இறங்கினார்கள். போகிறவர்களில் ஒருத்தி நின்று என்னைக் கும்பிட்டாள். நான் என்ன கொடுத்தேன் என்று என்னைக் கும்பிடுகிறாள் என்று கூச்சமாக இருந்தது. அவள் தலைக்கட்டு சரிந்திருந்தது. அதை நிமிர்த்தி வைத்து, "பாத்து எறங்குங்க, பாற வழுக்கும்" என்றேன்.